முதல் வாரம் வந்தீர்கள், ஆறாவது மாதமும் வாருங்கள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கும், அதில் சேர்ந்திருக்கும் மாணவ மாணவிகளுக்கும்,

சார், மேடம், தம்பி தங்கச்சிகளே, வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். அடுத்த புயல் எந்த ஊரில் கரையைக் கடந்தாலும் சரி, முதல் வாரம் ஒரு தடவை வந்துவிட்டுப் போவதோடு உங்கள் கல்லூரி நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஒரு வருஷம் முழுக்க, முறை வைத்துக்கொண்டு, அதே ஊருக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். உங்களுடைய ஏழு நாள் சிறப்பு முகாமை அந்த ஊருக்குத் தர வேண்டும். நான் கேட்பது இது ஒன்றுதான். ஏன் கேட்கிறேன், வந்தால் என்னென்ன வேலை இருக்கிறது, எது உதவியது, எது உதவவில்லை என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், படியுங்கள்.

நான் தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணிப் பக்கம். தென்னையை நம்பியிருக்கிற குடும்பம். 2018 நவம்பர் 16, பொழுது விடிவதற்கு முன்பே கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறி, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று மேற்கே போய்க்கொண்டே இருந்தது. கடலோரத்தில் இருந்து தள்ளி இருக்கிற எங்களைப் போன்ற ஊர்களுக்கு இவ்வளவு வரும் என்று யாரும் நினைக்கவில்லை. புயலுக்கு முன்னால் அரசு 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை முகாம்களுக்குக் கொண்டுபோனது, அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் நிறைய, அதை மறுக்கக் கூடாது. ஆனால் மரத்தை எந்த முகாமுக்குக் கொண்டுபோக முடியும்? விடிந்து பார்த்தால் தோப்பு முழுக்க ஒரே திசையில் படுத்திருந்தது. சில மரம் வேரோடு, சில மரம் பாதியில் முறிந்து, சிலது நின்றுகொண்டே குருத்து திருகிப்போய். நின்ற மரம் பிழைத்தது என்று நினைத்தோம், அதிலும் பல நாலைந்து மாதத்தில் கொண்டை சரிந்து செத்தன.

மின்கம்பங்கள் மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல் சாய்ந்தன. ரோடு எது, வாய்க்கால் எது என்று தெரியாத அளவுக்கு மரம் குறுக்கே கிடந்தது. அந்தச் சமயத்தில் தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் தேர்ந்தெடுத்த தலைவர் என்று ஒருவருமே இல்லை என்பதை இப்போது பலர் மறந்திருப்பார்கள். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது, ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்ததோ 2019 டிசம்பரில். நடுவில் தனி அலுவலர்கள்தான், ஒருவருக்கே ஏகப்பட்ட ஊர். யாரிடம் போய் நிற்பது என்றே தெரியாத அந்த நாட்களில் வேலையைக் கையில் எடுத்தது ஊர்ப் பையன்கள். டிராக்டர் வைத்திருந்தவன் டிராக்டரைக் கொண்டுவந்தான், மரம் அறுக்கும் மெஷின் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் இரவல் வாங்கி வந்தான், எங்கிருந்தோ ஜெனரேட்டர் பிடித்து மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றினார்கள். தன் வீட்டு ஓடு பறந்து, அம்மா அப்பா பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்திருக்க, அடுத்த தெருவில் கீற்று பிரித்துக்கொண்டிருந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிப்பேர் அதுவரை ஊரில் வெட்டிப்பயல் என்று பெயர் வாங்கியவர்கள்.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். சென்னையில் இருந்து, மதுரையில் இருந்து, கோவையில் இருந்து, வேனிலும் லாரியிலும் பைக்கிலும். ஆகஸ்டில்தான் பெருவெள்ளத்தில் மூழ்கி எழுந்த கேரளம் 10 கோடி ரூபாய் அனுப்பியது, அங்கிருந்து மின்வாரிய ஊழியர்களும் வந்து நம் ஆட்களோடு சேர்ந்து கம்பம் நட்டார்கள். அரிசி, பிஸ்கட், மெழுகுவத்தி, கொசுவத்தி, தார்ப்பாய், போர்வை. அந்தத் தார்ப்பாய் இல்லாமல் அந்த மழையில் எத்தனை குடும்பம் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. உங்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரியது, அதைச் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது.

ஆனால் டிசம்பர் நடுவில் வண்டிகள் குறைந்தன. பொங்கலுக்கு ஒன்றுமில்லை. செமஸ்டர் பரீட்சை இருந்தது, அவரவர் வேலை இருந்தது, டிவியில் வேறு செய்தி வந்துவிட்டது. உங்களைக் குறை சொல்லவில்லை, உதவி என்றால் முதல் வாரத்து உதவி என்றுதான் நம் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. பிரச்சினை என்னவென்றால், கையும் காலும் பலமாக இருக்கிற, நாலு எழுத்து படித்த இளைஞர்களுக்கான உண்மையான வேலை அப்போதுதான் தொடங்கியது.

மரத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன். விழுந்த தென்னைக்கு அரசு ஒரு மரத்துக்கு 1,100 ரூபாய் கொடுத்தது, அதில் 600 மரத்துக்கு, 500 அதை வெட்டி அப்புறப்படுத்த. ஒரு ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு. 500 ரூபாயில் ஒரு மரத்தை அறுத்து, வேர்க்கட்டையைப் பொக்லைன் வைத்துத் தோண்டி, வண்டியில் ஏற்றி எங்கேயாவது கொண்டுபோய்த் தள்ள முடியுமா என்று எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாங்க ஆளில்லை, எல்லார் தோப்பிலும் அதே கட்டைதான் கிடந்தது. அதனால் பலர் அப்படியே விட்டுவிட்டார்கள். விட்டால் என்ன ஆகும்? மழையில் நனைந்து மக்கிய தென்னங்கட்டைக்குள் காண்டாமிருக வண்டு முட்டையிடும். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புழு, ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். அது வண்டாகிப் பறந்து போய், பிழைத்து நிற்கிற மரத்தின் குருத்தையும், நீங்கள் வைத்துவிட்டுப் போன கன்றின் குருத்தையும் துளைக்கும். மட்டை விரியும்போது கத்தரியால் வெட்டின மாதிரி இருக்கும், பார்த்த உடனே விவசாயிக்குத் தெரிந்துவிடும். புயலில் தப்பிய மரம் வண்டுக்குப் பலியாகிறது என்றால் அந்த வயிற்றெரிச்சலை எப்படிச் சொல்வது.

இதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை, ஆள்தான் தேவை. கட்டைகளைத் துண்டு போட்டு ஒதுக்க வேண்டும், எருக்குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்க வேண்டும், தோப்பில் அங்கங்கே மண்பானை வைத்து ஆமணக்குப் புண்ணாக்கைத் தண்ணீரில் ஊறப் போட வேண்டும், அந்த வாசத்துக்கு வண்டு தானாக வந்து விழும். தினமும் காலையில் பானையைப் பார்த்து, விழுந்ததை எடுத்துக் கொல்ல வேண்டும். அறுபது வயதில் மனைவியோடு தனியாக இருக்கிற ஒரு விவசாயி, பையன் சிங்கப்பூரில், எத்தனை கட்டையைப் புரட்டுவார்? ஐம்பது மாணவர்கள் ஒரு வாரம் வந்தால் ஒரு சின்ன ஊரின் முக்கால்வாசித் தோப்பில் இந்த வேலை முடியும். ஒரத்தநாடு பக்கம் ஈச்சங்கோட்டையில் வேளாண்மைக் கல்லூரியே இருக்கிறது, அந்தப் பிள்ளைகள் முன்னால் நின்று சொல்லிக்கொடுத்தால் மற்ற கல்லூரிப் பிள்ளைகள் செய்துவிடுவார்கள். பொக்லைனும் மெஷின் வாளும் மட்டும் தெரிந்த ஆள் கையில் இருக்கட்டும், அதில் மாணவர்கள் கை வைக்க வேண்டாம்.

அடுத்து, மனு. இதை யாரும் நிவாரண வேலை என்றே நினைப்பதில்லை. வீடு முழுதாகப் போனால் ஒரு தொகை, பாதி போனால் ஒரு தொகை, மாடு செத்தால், ஆடு செத்தால், படகு உடைந்தால், தென்னைக்கு, வாழைக்கு என்று தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம், போட்டோ. பல வீட்டில் அந்தக் காகிதமெல்லாம் இருந்த பெட்டியே நனைந்து கூழாகிவிட்டது. ஆதாரில் ராஜம்மாள், பாஸ்புக்கில் ராசம்மாள் என்று இருந்தால் பணம் வந்து திரும்பிப் போகும், ஏன் திரும்பிப் போனது என்று அந்த அம்மாவுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு நம்பர் மாறி எழுதப்பட்ட கணக்கு, மாதக்கணக்கில் அலைய வைத்ததை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். குத்தகைக்கு விவசாயம் பார்ப்பவர்கள் நிலை இன்னும் மோசம், பட்டா வேறொருவர் பேரில், மரத்தை வளர்த்தவர் கையில் ஒன்றும் இல்லை.

பி.காம் படிக்கிற பிள்ளைகளே, சட்டக் கல்லூரிப் பிள்ளைகளே, இது உங்கள் வேலை. ஒரு மேஜை, நாலு நாற்காலி, ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர், ஊர் சாவடியில் ஒரு வாரம். வருகிற ஒவ்வொருவரின் காகிதத்தையும் பார்த்து, பெயர் பொருந்துகிறதா, கணக்கு எண் சரியா, எந்த மனு போட்டிருக்கிறார்கள், எது விட்டுப்போனது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். அடுத்த மாதம் வருகிற கல்லூரி அதே நோட்டை எடுத்து, எது வந்தது, எது வரவில்லை என்று பார்க்க வேண்டும். இதற்குத்தான் அதே ஊருக்குத் திரும்ப வாருங்கள் என்று அடித்துச் சொல்கிறேன். ஒரு தடவை வந்து மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் பாதி வேலைதான் ஆகும். பின்தொடர்ந்து கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தான் மனு நகரும்.

கூரை வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தார்ப்பாய் வெயிலில் சில மாதம்தான் தாங்கும், ஓரத்தில் கயிறு கட்டின ஓட்டை முதலில் கிழியும், அப்புறம் நடுவில். மார்ச்சில் போய்ப் பார்த்தால் நீலத் தார்ப்பாய் நார் நாராகத் தொங்கும். அதற்குள் கீற்று போட வேண்டும். விழுந்த மட்டை ஊர் பூராவும் கிடந்தது, ஆனால் முடைய ஆள் இல்லை. மட்டையைக் குளத்தில் ஊறப் போட்டு, நடு நரம்போடு இரண்டாகப் பிளந்து, ஓலையை ஒன்று விட்டு ஒன்று மடக்கிப் பின்னிக்கொண்டே போக வேண்டும். எங்கள் ஊர்ப் பாட்டிகள் பேசிக்கொண்டே முடைவார்கள், கையைப் பார்க்கவே மாட்டார்கள். வெளியூரில் இருந்து வந்து தங்கிய சில மாணவிகள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். முதல் நாள் விரலெல்லாம் கிழிந்தது. பிறகு பாட்டிகளே அந்தக் கீற்றையும் அடுக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த நாட்களில்தான் பாட்டிகள் புயல் ராத்திரியைப் பற்றி முதல் தடவையாக வாய் திறந்து பேசினார்கள். எங்களிடம் பேசவில்லை, நாங்களும் அதே ராத்திரியைப் பார்த்தவர்கள் அல்லவா, எங்களிடம் சொல்ல என்ன இருக்கிறது. வெளியில் இருந்து வந்த பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதும் கொட்டிவிட்டார்கள். தோப்பு போன துக்கத்தில் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் பற்றிய செய்திகள் எங்கள் மாவட்டத்தில் அப்போது வந்துகொண்டிருந்தன. கூட உட்கார்ந்து பேச ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்குத் தெரியும்.

இப்போது ஆறாவது மாதம். நவம்பரில் புயல் என்றால் ஆறாவது மாதம் மே. அக்கினி நட்சத்திரம். புதிதாக நட்ட தென்னங்கன்று சாகிற காலம் அதுதான். ஆளாளுக்குக் கன்று கொடுத்தார்கள், சந்தோஷம், ஆனால் கன்று வைப்பது ஒரு நாள் வேலை, காப்பாற்றுவது இரண்டு வருஷ வேலை. மோட்டார் ரிப்பேர், கரண்ட் சரியில்லை, குடத்தில் தூக்கித்தான் ஊற்ற வேண்டும், மேலே மட்டையை வைத்து நிழல் கட்ட வேண்டும். நெட்டை ரகம் காய்க்க ஆறு ஏழு வருஷம் ஆகும், குட்டை என்றாலும் மூன்று நாலு வருஷம். முதல் கோடையில் போனால் அந்தக் கணக்கு திரும்ப ஒன்றில் இருந்து. மே மாதம் உங்களுக்கு லீவு. பரீட்சை முடிந்திருக்கும். டிசம்பரில் வர முடியாதவர்கள் மே மாதம் வரலாமே?

அதே கோடையில்தான் குளம் வெட்ட முடியும். இதை எங்கள் பகுதி இளைஞர்களே செய்து காட்டினார்கள். கஜாவில் நிவாரண வேலைக்காக ஒன்று சேர்ந்த பையன்கள், அது முடிந்தும் கலைந்து போகாமல், விவசாயிகளையும் சேர்த்துக்கொண்டு கைஃபா என்று ஓர் அமைப்பாகி, 2019இல் பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். 500 ஏக்கருக்கு மேல் உள்ள ஏரி. காவிரியின் கடைமடை நாங்கள், மேட்டூர் திறந்து, கல்லணைக் கால்வாயில் வந்து, எல்லா ஊரும் பாய்ந்து மிச்சம்தான் எங்களுக்கு வரும், அந்த மிச்சத்தைத் தேக்கி வைக்க இடம் இல்லை என்றால் கடலுக்கு. ஊர்க்காரர்கள் பணம் போட்டார்கள், வெளிநாட்டில் வேலை பார்க்கிற எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவர்கள் வேறு மாவட்டங்களுக்கும் போய்க் குளம் வெட்டினார்கள். ஆலங்குடி வட்டத்தில் கொத்தமங்கலம் பக்கமும் இளைஞர்கள் இதே மாதிரி இறங்கினார்கள். மொய் விருந்து வைத்து ஒருவர் காலை ஒருவர் தூக்கிவிடுகிற பகுதி இது, கொடுத்தவர் கணக்கை நோட்டில் எழுதி வைத்துத் திருப்பிச் செய்கிற ஊர்கள். நீங்கள் செய்ததும் எங்கள் நோட்டில் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் வெள்ளம் வரும்போது வந்து நிற்போம்.

வெளிநாட்டில் ஒரு கல்லூரி இதைச் சட்டமாகவே ஆக்கியது, அதைச் சொல்கிறேன். 2005 ஆகஸ்ட் 29இல் அமெரிக்காவில் கத்ரீனா சூறாவளி வந்து, கரைகள் உடைந்து, நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீரில் நின்றது. அங்கே இருக்கிற துலேன் பல்கலைக்கழகம் அந்த செமஸ்டர் முழுக்க மூடிக் கிடந்து 2006 ஜனவரியில்தான் திறந்தது. திறந்ததும் ஒரு முடிவு எடுத்தார்கள், இனிமேல் இங்கே இளங்கலை படிக்கிறவர்கள் ஊருக்கான சேவையைப் பாடத்தோடு சேர்த்து முடித்தால்தான் பட்டம் என்று. நாடு முழுவதும் இருந்து மற்ற கல்லூரிப் பிள்ளைகளும் 2006 வசந்தகால விடுமுறையில் கூட்டம் கூட்டமாக அங்கே போனார்கள், அதற்கடுத்த வருஷங்களிலும் போனார்கள். போய் என்ன செய்தார்கள்? வாரக்கணக்கில் தண்ணீர் நின்ற வீடுகளில் சுவர்ப்பலகை முழுக்கப் பூஞ்சை பிடித்திருக்கும், அதைப் பெயர்த்து எடுத்து, உள்ளே இருக்கிற மரச்சட்டம் தெரியும் வரை உரித்து, வெளியே குவித்தால்தான் திரும்ப வீடு கட்ட முடியும். முகமூடி போட்டுக்கொண்டு, நாற்றத்தில், நாளெல்லாம் அந்த வேலை. புயல் அடித்து ஆறேழு மாதம் கழித்துப் போனவர்கள் அவர்கள். அப்போதும் வேலை இருந்தது, அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் இருந்தது.

நம்மிடம் அதற்கான ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். 1969இல் இருந்து நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. ஒரு மாணவர் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் வேலை செய்ய வேண்டும், ஓர் ஏழு நாள் முகாமில் தங்க வேண்டும், ஒவ்வோர் அலகும் ஒரு கிராமத்தைத் தத்தெடுக்க வேண்டும். முகாமுக்கு ஐம்பது பேர் என்று வைத்தால் ஏழு நாளுக்கு 350 ஆள் வேலை. பத்து கல்லூரி மாதம் ஒன்று என்று ஓர் ஊருக்கு வந்தால் 3,500 ஆள் வேலை. இது ஓர் ஊரை நிமிர்த்திவிடும். அதே பத்து கல்லூரி ஒரே வாரத்தில் வந்தால், தங்க இடமில்லாமல், சாப்பாடு போட ஆளில்லாமல், வேலை எது என்று காட்ட ஆளில்லாமல், எல்லோரும் ஒரே தெருவில் ஒரே பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியிருக்கும். அது நடந்தது, நாங்கள் பார்த்தோம்.

ஆப்த மித்ரா என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் திட்டம் ஒன்று உண்டு, 2016இல் தொடங்கியது. தன்னார்வலர்களுக்கு 12 நாள் பயிற்சி, கருவிப் பை, காப்பீடு எல்லாம் கொடுக்கிறார்கள். நல்ல திட்டம், உங்கள் மாவட்டத்தில் பயிற்சி நடந்தால் தவறாமல் சேருங்கள். ஆனால் அந்தப் பயிற்சியின் நோக்கம் ஆபத்து நேரத்தில் உயிரைக் காப்பாற்றுவது. உயிர் பிழைத்தவர்கள் திரும்பப் பிழைப்பு நடத்துவதற்கு யார் கூட நிற்பது? அந்த இடம் காலியாக இருக்கிறது. அதைத்தான் நீங்கள் நிரப்ப வேண்டும் என்று கேட்கிறேன்.

வருகிறவர்கள் சில விஷயங்களைக் கவனத்தில் வைக்க வேண்டும், கொஞ்சம் கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

வண்டியை மெயின் ரோட்டில் நிறுத்தாதீர்கள். கஜாவில் ரோட்டோரத்து ஊர்களுக்கு நாலைந்து தடவை சாமான் வந்தது, உள்ளே இருக்கிற ஊர்களுக்கு ஒரு தடவைகூட வரவில்லை. உள்ளே வந்தாலும் ஊர்த்தெருவோடு நின்றுவிட்டது, காலனிக்குப் போகவில்லை. சில இடங்களில் போகவிடவில்லை. இதை மூடி மறைப்பதில் எனக்கு விருப்பமில்லை, தலித் மக்களுக்கு நிவாரணத்தில் பாகுபாடு நடந்ததாக அப்போது செய்திகள் வந்தன, எங்கள் பக்கத்து ஆட்களுக்கே தெரியும். வெளியூர்ப் பிள்ளைகளான உங்களுக்கு ஒரு வசதி உண்டு, ஊர் அரசியல் உங்களைக் கட்டுப்படுத்தாது. வேலையை ஊரின் கடைசித் தெருவில் இருந்து தொடங்குங்கள். யாராவது முதலில் இங்கே வாங்க தம்பி என்று கூப்பிட்டால், அங்கே முடித்துவிட்டு வருகிறோம் ஐயா என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். திட்ட அலுவலர் சார் கூட நின்றால் பிள்ளைகளுக்கு அந்தத் தைரியம் வரும்.

பெண் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டி வாருங்கள், பாதுகாப்பு என்று சொல்லி வீட்டிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். கூரை போன வீட்டில் பெண்கள் எங்கே குளிக்கிறார்கள், எங்கே துணி மாற்றுகிறார்கள், நாப்கின் இருக்கிறதா என்று பையன்களிடம் எந்த அக்காவும் சொல்ல மாட்டாள். ஒரு கல்லூரி மாணவி அடுப்படியில் வந்து உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவாள். தங்குவதற்குப் பள்ளிக்கூடமோ கல்யாண மண்டபமோ கிடைக்கும், கழிப்பறையும் தண்ணீரும் இருக்கிறதா என்று முன்கூட்டியே ஓர் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு வாருங்கள். ஷூ போடுங்கள், செருப்பு வேண்டாம். விழுந்த கட்டைக்கு அடியில் பாம்பு இருக்கும், கையை விடுவதற்கு முன் கம்பால் தட்டுங்கள். ஓட்டுக் கூரையில் ஏற வேண்டாம், அதற்கு ஊரில் ஆள் இருக்கிறது. பழைய துணி மட்டும் தயவுசெய்து கொண்டுவராதீர்கள், கஜாவில் வந்த பழைய துணி மூட்டைகள், என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாமல், ரோட்டோரத்தில் மழையில் கிடந்தன. கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள். எங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் வகுப்பில் யாராவது அந்தப் படத்தைப் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கட்டை தூக்குகிற படம் எடுங்கள், கீற்று முடைகிற படம் எடுங்கள், பாட்டியோடு சேர்ந்து எடுங்கள், அதற்கு ஒரு தடையும் இல்லை, பாட்டிக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.

இன்னொன்று, ஊர்ப் பையன்களைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். எது முதலில், எது அடுத்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் ஊரிலும் பலர் அதற்குப் பிறகு திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள், தோப்பு காய்க்கும் வரை சாப்பிட வேண்டுமே. இருக்கிறவர்கள் சிலரே. நீங்கள் வரும்போது அந்தச் சிலருக்குத் துணை வருகிறது, அதுவே அவர்களை ஊரில் நிற்க வைக்கும். நீங்கள் வரும் சமயம் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர் இருக்கும் காலமாக இருந்தால் கிராம சபையில் வேலைப் பட்டியலைப் படித்து ஒப்புதல் வாங்குங்கள், பிறகு யாரும் என் தெருவுக்கு ஏன் வரவில்லை என்று சண்டைக்கு வர மாட்டார்கள்.

கடைசியாக, திட்ட அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதையெல்லாம் புயல் வந்த பிறகு பேசினால் நடக்காது. தானே, வர்தா, ஒக்கி, கஜா, மிக்ஜாம், ஃபெஞ்சல் என்று பெயர்தான் மாறுகிறது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலோர மாவட்டங்களில் யார் தலையில் விழும் என்பது மட்டும்தான் தெரியாது. இந்த வருஷம் உங்கள் கல்லூரி ஆலோசனைக் குழு கூடும்போது மூன்று விஷயத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள்: புயல் வந்தால் எந்த மாதத்து முறை உங்களுடையது, உங்கள் பிள்ளைகளுக்கு என்ன வேலை தெரியும், பக்கத்து மாவட்டத்தில் எந்தக் கல்லூரி உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் வரும். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பிள்ளைகளையும் சேருங்கள், வயரிங்கும் மோட்டாரும் அவர்களுக்குத்தான் தெரியும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, புயலுக்குப் பிறகு ஆடு மாடுகளுக்கு ஆள் தேவைப்படுவதை அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பல்கலைக்கழக ஒருங்கிணைப்பாளர்கள் இந்த முறைப் பட்டியலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் செப்டம்பருக்குள் கொடுத்துவிட்டால், மற்றதை ஊர்கள் பார்த்துக்கொள்ளும். தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. எங்கள் பக்கத்து ஊர்களில் பேசிவிட்டோம், சரி என்று சொல்லிவிட்டார்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
பேராவூரணிப் பகுதியில் இருந்து ஒரு தென்னை விவசாயி